யூதர்–முஸ்லிம் நட்பு வட்டம் தொடங்குவது எப்படி? முதல் கூட்டத்திலிருந்து போர் வெடிக்கும் வாரம் வரை

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், போலண்ட் தெருவில், 1881-இல் திறந்த சினகாக் ஒன்று இருக்கிறது. மூரிஷ் பாணியில் கட்டிய அழகான யூத வழிபாட்டுத் தலம். 2012 வாக்கில் அதன் கூரை ஒழுக ஆரம்பித்தது. உறுப்பினர்கள் சில பத்துப் பேர்தான், கையில் பணமும் இல்லை. கட்டடத்தை விற்றுவிடுவது என்ற பேச்சு வந்தபோது கை கொடுத்தவர்கள் ஊர் முஸ்லிம்கள். பள்ளிவாசல்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த சுல்ஃபி கரீம் போன்றவர்கள் அவசரச் செலவுக்குப் பணம் திரட்டினார்கள், பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கவும் துணை நின்றார்கள். பிறகு லாட்டரி பாரம்பரிய நிதியிலிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. சினகாக்கின் அப்போதைய தலைவர் ரூடி லீவர், 1937-இல் நாஜி பெர்லினிலிருந்து தப்பி வந்தவர்.

இந்தக் கதையை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நட்பு ஆரம்பித்தது எந்தச் சமய நல்லிணக்க மாநாட்டிலும் இல்லை. அதே தெருவில் இன்னொரு உணவகத்துக்கு அனுமதி கேட்டு யாரோ விண்ணப்பித்தார்கள். பக்கத்தில் உணவகம் நடத்திய முஸ்லிமுக்கும் அது பிடிக்கவில்லை, சினகாக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை. சேர்ந்து எதிர்ப்பு மனு போட்டார்கள். கூரைக்கு முன்னால் வந்தது அந்த மனு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையை வைத்துத்தான் போகிறது.

லண்டன், டொராண்டோ, நியூ ஜெர்சி போன்ற ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்திலோ, பெற்றோர் சங்கத்திலோ, மருத்துவமனை வேலையிலோ இருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது வட லண்டன் வட்டம் ஒன்றில் என்பதால் உதாரணங்கள் பிரிட்டன் பக்கம் சாயும். இந்தியாவில் இந்த உறவு வேறு மாதிரி. கொல்கத்தாவின் சினகாக்குகளைத் தலைமுறையாகப் பராமரிப்பவர்கள் முஸ்லிம்கள், அங்குள்ள யூதப் பெண்கள் பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவிகள். கொச்சி மட்டாஞ்சேரியில் 2019-இல் காலமான சாரா கோஹனின் தையல் கடையைப் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம். அங்கே யாரும் உரையாடலுக்கென்று குழு அமைக்கவில்லை, ஒரே தெருவில் வாழ்ந்தார்கள். தெரு தனித்தனியாகிப்போன ஊர்களில்தான் குழு தேவைப்படுகிறது.

படி 1: இருவருக்கும் பொதுவான ஒரு தலைவலியைத் தேடுங்கள்

"அமைதி", "புரிந்துணர்வு" என்று பேனர் அடிக்காதீர்கள். உங்கள் வட்டாரத்தில் இரண்டு சமூகத்துக்கும் சேர்ந்தே உறுத்தும் விஷயம் என்ன என்று பாருங்கள். கட்டாயம் ஏதாவது இருக்கும்.

அடக்கம் ஒரு நல்ல உதாரணம். இறந்தவரைக் கூடிய சீக்கிரம், முடிந்தால் அன்றைக்கே, எளிய வெள்ளைத் துணியில் சுற்றி மண்ணில் வைக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் பொது. குளிப்பாட்ட ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். வட லண்டனின் உள்பகுதிக்குப் பொறுப்பான மரண விசாரணை அதிகாரி 2017-இல் ஒரு விதி கொண்டு வந்தார்: மதத்தைக் காரணம் காட்டி எந்த மரணத்துக்கும் முன்னுரிமை கிடையாது, வரிசைப்படிதான் எல்லாம். யூத வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் உடலை வாங்கக் காத்துக்கிடந்தார்கள். யூத அடக்கச் சங்கம் ஒன்று வழக்குப் போட, 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என்றது. பலன் இரு தரப்புக்கும்தான். மையித்தை வைத்துக்கொண்டு அதிகாரியின் கையெழுத்துக்காக வெள்ளிக்கிழமை மதியம் ஃபோனில் தொங்கிக்கொண்டிருக்கும் பதற்றத்தை ஒரு யூதக் குடும்பத்துக்கு நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை.

அறுப்பு முறையும் அப்படித்தான். பெல்ஜியத்தின் இரண்டு பிராந்தியங்கள் விலங்குகளை மயக்கமூட்டாமல் அறுப்பதை 2019-இல் தடை செய்தபோது யூதர்களும் முஸ்லிம்களும் நீதிமன்றம் போனார்கள். 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் இரு தரப்பும் தோற்றார்கள். 2012-இல் கொலோன் நீதிமன்றம் ஒரு முஸ்லிம் சிறுவனுக்கு நடந்த சுன்னத்தை உடல் காயம் என்று சொன்னபோது, எட்டாம் நாளில் அதைச் செய்யும் யூதர்களும் கூடவே கொதித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜெர்மன் நாடாளுமன்றம் அனுமதிச் சட்டம் இயற்றியது.

உங்கள் ஊரில் இவ்வளவு பெரிய பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். மருத்துவமனை சாப்பாட்டில் கோஷரும் (யூத விதிப்படியான உணவு) ஹலாலும் இல்லை, பள்ளித் தேர்வு யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூரன்றோ பெருநாளன்றோ வருகிறது, இடுகாட்டுப் பாதையில் தெருவிளக்கு இல்லை. இது போதும். விளக்கு வந்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் தானாக வரும்.

படி 2: எண்ணிக்கையைச் சரி பாதியாக வையுங்கள்

2021 கணக்கெடுப்புப்படி இங்கிலாந்து–வேல்ஸில் முஸ்லிம்கள் சுமார் 39 லட்சம், யூதர்கள் சுமார் 2.7 லட்சம். ஒருவருக்குப் பதினான்கு பேர். பொது அழைப்பு விட்டால் அறையில் முப்பது முஸ்லிம்களும் மூன்று யூதர்களும் உட்கார்ந்திருப்பார்கள், அந்த மூன்று பேரும் பதில் சொல்லியே களைத்துப்போவார்கள். அதனால் எட்டுக்கு எட்டு, ஆறுக்கு ஆறு என்று முதலிலேயே தீர்மானியுங்கள். ஒரு பக்கம் ஆள் குறைந்தால் இன்னொரு பக்கம் காத்திருக்கட்டும்.

அமெரிக்காவில் 2010-இல் ஒரு யூதப் பெண்ணும் ஒரு முஸ்லிம் பெண்ணும் நியூ ஜெர்சியில் தொடங்கிய சிஸ்டர்ஹுட் ஆஃப் சலாம் ஷாலோம் இப்படித்தான் சம எண்ணிக்கையில், உறுப்பினர்களின் வீடுகளில் கூடி வளர்ந்தது. பிரிட்டனில் லாரா மார்க்ஸ், ஜூலி சித்தீக்கி இருவரும் ஆரம்பித்த நிசா–நஷீமும் பெண்களுக்கானதுதான். பெண்கள் குழுக்கள் நீடிப்பதற்குக் காரணம் அவர்களுடைய மென்மை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே மேடை இல்லை, வீட்டுக் கூடம்தான். மேடை இல்லாத இடத்தில் தலைவர்களுக்கும் வேலை குறைவு.

இமாமும் ரப்பியும் (யூத மதகுரு) கைகுலுக்கும் புகைப்படத்தோடு தொடங்கிய முயற்சிகள் அந்தப் புகைப்படத்தோடு நின்றதைப் பலமுறை பார்த்தாயிற்று. 2025 பிப்ரவரியில் பிரிட்டனின் முஸ்லிம், யூதத் தலைவர்கள் நல்லிணக்கத்துக்கான டிரம்லான்ரிக் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு மன்னர் சார்லஸிடம் கொடுத்தார்கள். நல்லதே. ஆனால் உங்கள் தெருவில் அது தானாக இறங்கி வராது. தலைவர்களிடம் அனுமதியும் ஆசியும் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்காலியை ஆசிரியர், மருந்தாளுநர், டாக்சி ஓட்டுநர், பாட்டி, கல்லூரி மாணவர் போன்றவர்களுக்குக் கொடுங்கள்.

இன்னொன்று: "யூதர்" என்றால் ஒரே ஆள் இல்லை. லண்டன் ஸ்டாம்ஃபோர்டு ஹில்லின் ஹரேதிகள் எனும் கடும் கட்டுப்பாட்டுக்காரர்கள், தளர்வான ரிஃபார்ம் சபையினர், சினகாக் பக்கமே போகாதவர்கள், பாக்தாத்திலிருந்து வந்த குடும்பத்தினர் எல்லோரும் இருக்கிறார்கள். நம் முஸ்லிம் பக்கமும் பாகிஸ்தானி, சோமாலி, வங்காளி, ஷியா, சன்னி, நம்ம காயல்பட்டினத்துக்காரர் என்று கலவைதான். முதல் கூட்டத்தில் பாதி நேரம் தங்கள் தரப்புக்குள் இருக்கும் வேறுபாட்டைச் சொல்லவே போகும். போகட்டும்.

படி 3: நாள் குறிப்பது

வெள்ளி மதியம் ஜும்ஆ. வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களின் ஓய்வு நாளான சப்பாத்: கடைப்பிடிப்பவர்கள் அப்போது வண்டி ஓட்டமாட்டார்கள், ஃபோன் தொடமாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். லண்டனில் டிசம்பர் நடுவில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும் என்பதால் வெள்ளி பிற்பகல் முழுவதையும் மறந்துவிடுங்கள். ஞாயிறுதான் இருவருக்கும் ஒத்துவரும், ஓரளவுக்கு வார நாள் மாலையும். இடையில் தொழுகை நேரம் வந்தால் பத்து நிமிட இடைவேளையை நிகழ்ச்சி நிரலிலேயே போட்டுவிடுங்கள். கேட்டு வாங்க வைக்காதீர்கள்.

யூத நாட்காட்டி சந்திர மாதங்களைக் கொண்டது, ஆனால் 19 ஆண்டுக்கு ஏழு முறை கூடுதல் மாதம் சேர்ப்பதால் பண்டிகைகள் அந்தந்தப் பருவத்திலேயே நிற்கும். ரமளான் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும். 2022, 2023 இரண்டு ஆண்டும் ரமளானும் யூதர்களின் பெசாக் (பாஸ்கா) பண்டிகையும் மோதிக்கொண்டன. பெசாக் நாட்களில் ரொட்டி, பிஸ்கட், சமோசா, மாவு புளித்த எதுவும் கூடாது. அந்த வாரத்தில் இஃப்தாருக்கு அழைத்தால் யூத விருந்தினர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். செப்டம்பர்–அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று யூதப் பண்டிகைகள் வரிசையாக வரும், அந்த மாதத்தில் அவர்களிடம் எதையும் கேட்காதீர்கள்.

படி 4: சாப்பாடு

பாதிக் குழுக்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. "ரெண்டு பேரும் பன்றி சாப்பிடறதில்லை, அப்புறம் என்ன?" என்று ஆரம்பிக்கும் ஆள் எப்போதும் ஒருவர் இருப்பார்.

ஹலால் இறைச்சி கோஷர் ஆகாது. அறுப்பவர், அறுத்தபின் செய்யும் பரிசோதனை, நீக்க வேண்டிய பகுதிகள் என்று எல்லாமே வேறு. மறுபக்கம், வேதம் கொடுக்கப்பட்டவர்களின் உணவு ஆகும் என்ற குர்ஆன் 5:5 வசனத்தை வைத்துக் கோஷர் இறைச்சியை ஏற்கும் முஸ்லிம்கள் நிறைய. ஏற்காதவர்களும் உண்டு. ஆக, இறைச்சி வேண்டுமென்றால் கோஷர் சமையல்காரரிடம் வாங்குவதுதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். விலை கூடுதல். எங்கள் வட்டத்தில் அதனாலேயே இறைச்சியை விட்டுவிட்டோம், பிரச்சினை பாதி தீர்ந்தது.

பாதிதான். சைவம் என்றாலும் சமைத்த பாத்திரம், அடுப்பு, கத்தி எல்லாம் கோஷரில் கணக்கு. கண்டிப்பானவர் உங்கள் வீட்டுப் பருப்புச் சோற்றைத் தொடமாட்டார். அவருக்காகக் கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத பாக்கெட்டுகள் வையுங்கள். லண்டனில் கேஎல்பிடி (KLBD) குறியைத் தேடுங்கள். காகிதத் தட்டு, காகிதக் கோப்பை, வெட்டாத பழம், கறுப்புத் தேநீர் போதும். பாலும் இறைச்சியும் ஒரே வேளையில் கூடாது என்பதால் இறைச்சி வைத்த அன்று பால் டீ கிடையாது. திராட்சை ரசம் வைப்பதானால் மது இல்லாத கோஷர் திராட்சைச் சாறு, அதை இருவரும் குடிக்கலாம்.

ஒரு இஃப்தாரில் பார்த்தது. பாங்கு சொல்லியாயிற்று, எல்லோர் கையிலும் பேரீச்சம்பழம். எதிரே இருந்த யூதப் பெரியவர் பழத்தை நீளவாக்கில் பிளந்து, விளக்குக்கு நேராகத் தூக்கி உள்ளே உற்றுப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இளைஞனின் முகம் சுருங்கியது, நம்ம பழத்தில் அழுக்கு இருக்கும் என்று நினைக்கிறாரா என்று. பூச்சி தின்னக் கூடாது என்பது அவர்களுக்குத் தீவிரமான விதி. கீரையைக்கூட இலை இலையாக வெளிச்சத்தில் பார்ப்பார்கள். விவரம் தெரிந்ததும் அந்தப் பையன் தன் பழத்தையும் பிளந்து பார்த்தான். இந்தச் சின்ன விஷயங்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் அனுப்பிவிடுங்கள்.

நோன்புக் கஞ்சி கொண்டு வரலாமா என்று தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். தாராளமாக. கொத்துக்கறி போடாமல் காய்ச்சுங்கள், என்னென்ன போட்டது என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். குடிப்பதும் குடிக்காததும் அவரவர் முடிவு. "இவ்வளவு தூரம் வந்துட்டு ஒரு வாய்கூடவா?" என்ற நம்ம ஊர் உபசரிப்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

படி 5: ஒருவர் இடத்துக்கு ஒருவர் போவது

மூன்று நான்கு கூட்டத்துக்குப் பிறகு போங்கள். பிரிட்டனின் சினகாக்குகளில் வாசலில் பாதுகாப்பு ஆட்கள் நிற்பார்கள். வருகிறவர் பெயர்ப் பட்டியலை முன்பே கேட்பார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள், அடையாள அட்டையும் கேட்கலாம். முஸ்லிம் என்பதால் இது என்று உங்கள் ஆட்கள் நினைத்துவிடாமல் இருக்க, சபை உறுப்பினர்களும் இதே வாசலில் இதே வழியாகத்தான் போகிறார்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அழைத்த நண்பர் வாசலிலேயே நிற்கட்டும்.

ஆண்கள் தலையை மூடிக்கொள்ளக் கிப்பா கொடுப்பார்கள், தொப்பியும் ஆகும். பள்ளிவாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், பெண்களுக்குத் துப்பட்டா. எதிர்பாலருக்குக் கை கொடுக்காமல் இருப்பது இரு தரப்பிலும் கண்டிப்பானவர்களின் வழக்கம், நெஞ்சில் கை வைத்துத் தலை அசைத்தால் யாருக்கும் சங்கடம் இல்லை.

படி 6: சேர்ந்து வாசிப்பது

வேதத்தைத் தொடவே கூடாது என்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பயம் இல்லை, எந்தப் பகுதி என்பதில்தான் கவனம் வேண்டும். இப்ராஹிம் நபி பலியிடத் துணிந்த மகன் யார் என்ற இடத்தில் தொடங்காதீர்கள். அவர்களுக்கு ஈசாக், முஸ்லிம்களில் பெரும்பாலோருக்கு இஸ்மாயில். முதல் மாலையிலேயே வாரிசுச் சண்டை.

யூசுஃப் கதையில் தொடங்குங்கள். அவர்களுக்கு ஆதியாகமம் 37 முதல் 50 வரை, முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் 111 வசனமுள்ள 12-ஆம் அத்தியாயம். இரண்டையும் பக்கம் பக்கமாக அச்சடித்து, ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எஜமானின் மனைவி யூசுஃபைப் பிடித்து இழுக்கும் காட்சி. ஆதியாகமத்தில் அவர் மேலாடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடுகிறார், அந்த ஆடையே அவருக்கு எதிரான சாட்சி ஆகிறது. குர்ஆனில் சட்டை பின்பக்கம் கிழிந்திருப்பதால் அவர் நிரபராதி என்று தெளிகிறது. ஒரே துணி, ஒன்றில் சிக்க வைக்கிறது, மற்றதில் காப்பாற்றுகிறது. பிறகு ஊர்ப் பெண்கள் யூசுஃபின் அழகைப் பார்த்து மெய்மறந்து கையை அறுத்துக்கொள்ளும் இடம். குர்ஆனில் மட்டும்தான் இது என்று முஸ்லிம் நண்பர்கள் நினைப்பார்கள், தங்களிடம் இல்லை என்றே யூத நண்பர்களும் நினைப்பார்கள். ஆதியாகமத்தில் இல்லைதான். தன்ஹூமா என்ற யூத விளக்கத் தொகுப்பில் இருக்கிறது: அந்தப் பெண்களுக்கு எத்ரோக் எனும் நாரத்தை வகைப் பழமும் கத்தியும் கொடுக்கப்படுகின்றன. இதைச் சொல்லும்போது அறையில் ஏற்படும் சலசலப்பே தனி. உடனே ஒருவர் "யாரிடமிருந்து யார் எடுத்தது?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை நூலகத்துக்கு அனுப்பிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போங்கள்.

ஒரே விதி: தன் நூலுக்குத்தான் ஒருவர் விளக்கம் சொல்லலாம். மற்றவர் நூலைப் பற்றிக் கேள்வி மட்டும் கேட்கலாம்.

வரலாறு பேச வேண்டி வந்தால், "ஸ்பெயினில் எங்கள் ஆட்சியில் யூதர்கள் எவ்வளவு நன்றாக இருந்தார்கள்" என்று ஒருவரும், துரத்தப்பட்ட கதைகளோடு இன்னொருவரும் வருவார்கள். யூத அறிஞர் மைமோனிடஸின் வாழ்க்கையை நடுவில் வையுங்கள். 12-ஆம் நூற்றாண்டு கோர்டோபாவில் பிறந்து, அல்மொஹாது எனும் முஸ்லிம் ஆட்சியாளர்களின் கெடுபிடியால் குடும்பத்தோடு வெளியேறி, கடைசியில் எகிப்தில் ஸலாஹுத்தீன் அரசவை வட்டாரத்தின் மருத்துவராக வாழ்ந்து 1204-இல் இறந்தவர். தத்துவத்தை அரபியில், ஹீப்ரு எழுத்தில் எழுதினார். அடைக்கலமும் துரத்தலும் ஒரே ஆளின் வாழ்க்கையில் இருப்பதால் யாரும் பாதிக் கதையோடு தப்ப முடியாது.

படி 7: இஸ்ரேல்–பாலஸ்தீனம்

இதை முதல் ஆண்டில் எடுக்காதீர்கள். எப்போதுமே எடுக்காமலும் இருக்காதீர்கள். "அதைத் தவிர எல்லாம் பேசலாம்" என்ற குழுவை நிறைய முஸ்லிம் இளைஞர்கள் நம்புவதில்லை. பாலஸ்தீனத்தைப் பேசவிடாமல் செய்ய ஹம்முஸ் கொடுத்து உட்கார வைக்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருக்கிறது. யூத நண்பர்களுக்கு வேறு அச்சம்: எந்த அறைக்குள் போனாலும் இஸ்ரேல் அரசு செய்ததற்குத் தாங்கள் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது. அதிலும் நியாயம் இருக்கிறது.

எடுக்கும்போது நிலைப்பாட்டைக் கேட்காதீர்கள், குடும்பக் கதையைக் கேளுங்கள். 1948-இல் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். 1950–51-இல் ஈராக்கின் யூதர்களில் ஏறக்குறைய எல்லோரும், ஒரு லட்சத்துக்கு மேல், நாட்டை விட்டுப் போனார்கள். இரண்டு பக்கமும் சாவியோ பத்திரமோ பழைய புகைப்படமோ வைத்திருக்கும் குடும்பங்கள் உங்கள் ஊரிலேயே இருக்கலாம். ஒருவர் பத்து நிமிடம் பேசட்டும், குறுக்கீடு இல்லை. எதிர்த் தரப்பில் ஒருவர், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லட்டும். பேசியவர் "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்ற பிறகே அடுத்த ஆள். போரில் சொந்தங்களை இழந்த இஸ்ரேலியர்களும் பாலஸ்தீனர்களும் சேர்ந்து 1995 முதல் நடத்தும் பேரன்ட்ஸ் சர்க்கிள் அமைப்பு அரசியல் வாதத்துக்கு முன்னால் இழப்பைத்தான் வைக்கிறது. மகனைப் பறிகொடுத்தவர்களுக்கே அது கைகூடும்போது லண்டனில் உட்கார்ந்திருக்கும் நமக்கு என்ன கேடு?

தடை செய்ய வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: "முதலில் நீங்கள் இதைக் கண்டிக்கிறீர்களா?" நுழைவுச் சீட்டு மாதிரி அதைக் கேட்ட கணமே நண்பர் போய்விடுவார், பிரதிநிதி வந்து உட்கார்ந்துவிடுவார்.

படி 8: கெட்ட வாரத்துக்கு இப்போதே எழுதி வையுங்கள்

2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் காஸாவில் கொல்லப்பட்டவர்கள் பல்லாயிரம். பல ஆண்டு நட்புக் குழுக்கள் சில நாட்களில் மௌனமாயின. தாக்குப்பிடித்தவற்றில் நான் கவனித்தது, அவர்களிடம் முன்பே ஒரு பக்கத் திட்டம் இருந்தது. அதில் இருக்க வேண்டியவை:

ஜோடிப் பட்டியல். ஒவ்வொரு முஸ்லிம் உறுப்பினருக்கும் ஒரு யூத உறுப்பினர். சம்பவம் நடந்த 24 மணி நேரத்துக்குள் ஜோடியில் ஒருவர் மற்றவரைக் கூப்பிட வேண்டும். "வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கீங்க?" என்பதற்கு மேல் ஒன்றும் பேச வேண்டாம். குறுஞ்செய்தி போதாது, குரல் வேண்டும்.

வாட்ஸ்அப் பூட்டு. குழுவில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அன்றே மாற்றிவிடுங்கள். ஃபார்வர்டு வீடியோக்களுக்கு எப்போதும் அனுமதி இல்லை.

கூட்டறிக்கை கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று நாள் சண்டை நடக்கும், முடியும்போது இருவர் விலகியிருப்பார்கள். அறிக்கைக்குப் பதில் காலால் நடந்து போங்கள். 2013-இல் லண்டனில் ராணுவ வீரர் ஒருவர் கொல்லப்பட்ட பின் பள்ளிவாசல்களுக்கு மிரட்டல் வந்தபோது, ஸ்டாம்ஃபோர்டு ஹில்லின் யூதக் காவல் குழுவான ஷோம்ரிம் அவற்றைச் சுற்றியும் ரோந்து போனது. அந்த வட்டாரத்தில் 2000-இலிருந்தே ரப்பி ஹெர்ஷல் க்ளக் தொடங்கிய முஸ்லிம்–யூத மன்றம் இருந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2015 பிப்ரவரியில் ஒஸ்லோ சினகாக்கைச் சுற்றி இளம் முஸ்லிம்கள் அழைத்த மனித வளையத்தில் ஆயிரத்துக்கு மேல் நின்றார்கள். 2017-இல் டெக்ஸாஸின் விக்டோரியாவில் பள்ளிவாசல் எரிந்தபோது ஊர் யூதர்கள் தங்கள் சினகாக் சாவியைக் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் 2, யோம் கிப்பூரன்று மான்செஸ்டர் ஹீட்டன் பார்க் சினகாக்கில் தாக்குதல் நடந்ததைப் போன்ற காலையில் யார் யாரைக் கூப்பிடுவது என்று அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

படி 9: பணமும் வேலையும்

பேச்சு மட்டும் இருந்தால் இரண்டாம் ஆண்டில் சலிப்பு வரும். வருடத்துக்கு இரண்டு முறை கைவேலை வையுங்கள். யூதர்கள் நடத்தும் சேவை நாளான மிட்ஸ்வா டே நவம்பரில் வரும், முஸ்லிம்களின் சதகா டேயும் உண்டு. 2016-இல் கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் இரு தரப்பும் சேர்ந்து வீடற்றவர்களுக்குச் சிக்கன் சூப் காய்ச்சினார்கள். கேரட் நறுக்கும்போது வரும் பேச்சு வட்டமாக உட்கார்ந்தால் வராது.

செலவை உறுப்பினர்களே போட்டுக்கொள்ளும் அளவில் வையுங்கள். தீவிரவாதத் தடுப்பு என்ற பெயரில் வரும் அரசுப் பணத்தைத் தொட்டால் பிரிட்டன் முஸ்லிம்கள் உளவு என்று சந்தேகப்படுவார்கள். வெளிநாட்டு அரசு சார்ந்த பணத்துக்கும் இதே கதி. நூலக அறை வாடகையும் பிஸ்கட்டும் யாருடைய மானியமும் இல்லாமல் நடக்கும்.

விலகுகிறவர்கள் இருப்பார்கள். காரணம் கேட்டு விவாதிக்காதீர்கள், ஜோடிப் பட்டியலிலிருந்து பெயரை உடனே அடிக்கவும் வேண்டாம். அடுத்த தேதியை மட்டும் அனுப்பிக்கொண்டிருங்கள், கருத்து எதுவும் சேர்க்காமல். 2023 குளிர்காலத்தில் எங்களிடமிருந்து ஒதுங்கிய சிலர் பிறகு சூப் வேலைக்கு வந்தார்கள், பேச்சுக் கூட்டத்துக்கு இன்னும் வரவில்லை. அவர்களுக்கென்று வெங்காயம் உரிக்கும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்களையும் முதலில் அங்கேதான் அனுப்புகிறோம்.